வலைக்குத் தப்பிய மருந்து

ஆனி, ஆடி மாதங்களில் நீங்கள் திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாட்டுக்குச் சைக்கிளில் வந்ததுண்டா? வந்திருந்தால் கச்சான் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணல்மேட்டின் மீதுள்ள திருச்சிலுவைக் கோயில் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஊர் வந்து சேர நெடுநேரம் ஆகும். மிதிக்க மிதிக்கக் காற்று நம்மைப் பின்னுக்குத் தள்ளும்.

இந்தச் சாலையில்தான் என் மாணவர் ஒருவர் நாள்தோறும் விடியற்காலையில் பயிற்சி செய்கிறார். பள்ளியில் படித்தபோது, அண்ணா பிறந்த நாளையொட்டி நடக்கும் மாவட்ட மிதிவண்டிப் போட்டியில் பரிசு வாங்கியவர். இப்போது கல்லூரியில் முதலாண்டு. சில மாதங்களுக்கு முன்பு, ஆய்வுக்கூடத்திலிருந்து மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“சார், இதக் கலக்கிக் குடிச்சா மூச்சு வாங்காதுன்னு ஜிம்முல சொல்றாங்க. டெஸ்ட்டுல எல்லாம் மாட்டாதாம். குடிக்கலாமா சார்?”

டப்பாவின் மேல் அச்சிட்டிருந்ததைப் படித்துப் பார்த்தேன். பாதிப் பெயர்கள் எனக்கே விளங்கவில்லை. ஆனால் அவர் கேட்டது ஒரு கேள்வியன்று, இரண்டு என்பது விளங்கியது. மூச்சு வாங்காமல் இருப்பது நல்லதா என்பது ஒன்று. சோதனையில் அகப்படாதது குற்றமற்றதாகி விடுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை தேட வேண்டுமானால் சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும். ஊக்கமருந்தும் அதைக் கண்டறியும் அறிவியலும் ஒன்றையொன்று துரத்தி ஓடிய களங்களுள் அதைவிடப் பெரியது வேறில்லை எனலாம். அன்று அவரிடம் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

கயிறும் களைப்பும்

முதற் கேள்விக்கான விடை எங்கள் கரையிலேயே இருக்கிறது. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இக்கடற்கரையின் ஏழு துறைகளுள் மணப்பாடும் ஒன்று. தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அதுவரை குளியாளிகள் காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு ஒரே மூச்சில் அடித்தளத்துக்கு இறங்கிச் சிப்பி அள்ளினார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம். மூச்சு முட்டும்போது குளியாளி கயிற்றை அசைப்பார்; தோணியில் இருப்பவர் மேலே இழுத்துவிடுவார். கயிறு பிடிப்பவர் குளியாளியின் மைத்துனராகவே இருப்பார் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலியல்லவா அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது!

நம் உடலுக்குள்ளும் இப்படி ஒரு கயிறு இருக்கிறது. அதற்குக் களைப்பு என்று பெயர். தசைகளுக்கு ஆக்சிஜன் போதவில்லை, உடல் வெப்பம் ஏறுகிறது என்றால் களைப்பு வந்து நம்மை நிறுத்துகிறது. மூச்சு வாங்குவது நோயன்று, கயிற்றின் அசைவு.

இக்கயிற்றை அறுத்துவிட்டால் என்ன ஆகும்? 1967-ஆம் ஆண்டு சூலை 13-ஆம் நாள் பிரான்சு நாட்டின் வாந்தூ மலையில் அது தெரிந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன் கடும் வெயிலில் அம்மலையில் ஏறிக்கொண்டிருந்தார். 1965-இல் உலக வாகையர் பட்டம் வென்றவர், வயது 29. உச்சியை நெருங்குகையில் சைக்கிள் இப்படியும் அப்படியும் அலைந்தது. விழுந்தார். மீண்டும் ஏற்றிவிட்டார்கள். சிறிது தொலைவு சென்று மறுபடியும் விழுந்தார், எழவில்லை. அவருடைய குருதியில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. சட்டைப் பையிலும் அம்மருந்துக் குழாய்கள் இருந்தன. ஆம்ஃபெட்டமின் புதிய வலிமை எதையும் தருவதில்லை. களைப்பை மறைக்கிறது; உடல் வெப்பம் வெளியேறுவதற்கும் தடையாகிறது. மின்சுற்றில் ஃபியூஸ் போகிறது என்பதற்காக அந்த இடத்தில் தடித்த கம்பியைச் செருகினால் விளக்கு எரியும்; வீடும் எரியும்.

சிம்ப்சன் தனித்த ஒருவர் அல்லர். 1924-லேயே பெலிசியே சகோதரர்கள் டூர் பந்தயத்தை இடையில் விட்டு வெளியேறி, ஆல்பெர் லோந்த்ர் என்ற செய்தியாளரிடம் தங்கள் பைகளைத் திறந்து காட்டினர். கண்ணுக்குக் கொக்கேய்ன், ஈறுகளுக்குக் குளோரோஃபாம், அத்துடன் பல மாத்திரைகள்! அக்காலத்தில் அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. 1965-இல்தான் பிரான்சில் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் வந்தது. 1966-இல் டூர் வீரர்களிடம் முதன்முறையாகச் சிறுநீர் கேட்கப்பட்டது. மறுநாள் வீரர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நடந்து தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். அடுத்த ஆண்டே சிம்ப்சன் மாண்டார். அதன் பிறகு சோதனை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் வாயில்லை.

வலையின் கண்

இனி இரண்டாம் கேள்வி. மீன்பிடி ஊர்களில் சிறுவர்களுக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: வலையின் கண்ணளவே அகப்படும் மீனைத் தீர்மானிக்கிறது. சாளைக்கென்று முடைந்த வலையில் நெத்திலி நிற்காது. அதற்காகக் கடலில் நெத்திலியே இல்லை என்று எவரேனும் சொல்வார்களா? அறிவியல் சோதனை ஒவ்வொன்றும் அத்தகைய வலைதான்.

முதலில் வந்த சிறுநீர்ச் சோதனை ஆம்ஃபெட்டமின் போன்ற பொருள்களுக்கென்று முடைந்த வலை. அதிலிருந்து தப்பச் சிலர் மருந்தை மாற்றினர். சிலர் சிறுநீரையே மாற்றினர். 1978-இல் பெல்சியத்தின் மிஷேல் பொலென்டியர், ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் வென்று மஞ்சள் சட்டை அணிந்த அன்றே, அக்குளில் மறைத்த ரப்பர் குமிழிலிருந்து வேறொருவருடைய சிறுநீரைத் தர முயன்று அகப்பட்டார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கச் சைக்கிள் வீரர்கள் சிலர் குருதி ஏற்றிக்கொண்டு போட்டியிட்டனர். அது அப்போது தடை செய்யப்படவே இல்லை! தடை பின்னரே வந்தது.

குருதி ஏற்றுவதால் என்ன பயன்? தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்வன சிவப்பணுக்கள். சுமக்கும் ஆள்கள் கூடினால் சேரும் சரக்கும் கூடும். வீரரின் திறன் இதனால் 5 விழுக்காடு கூடியதாகக் கொள்வோம். சமதரையில் வேகமாகச் செல்லும்போது தடையாக இருப்பது பெரும்பாலும் காற்று. காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுவதால், 5 விழுக்காடு திறன் கூடினாலும் வேகம் 1.6 விழுக்காடுதான் கூடும். மலையேற்றத்தில் கதை வேறு. அங்கே தடை புவியீர்ப்பு. திறன் எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அவ்வளவே வேகமும் கூடும். 40 நிமிட ஏற்றத்தில் ஏறக்குறைய 2 நிமிடம் மிச்சம். 1989-இல் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்த பின், முதல் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு வெறும் 8 விநாடி. இந்தக் கணக்கைப் பார்த்தால் ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பது புரியும்.

ஐம்பது என்னும் எல்லை

1989-இல் ஒரு புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. எரித்ரோபாயட்டின் என்பது சிறுநீரகம் சுரக்கும் ஓர் இயக்குநீர். எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உண்டாக்குவது. சுருக்கமாக ஈ.பி.ஓ. என்பர். அதன் மரபணுவை ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் செல்களில் புகுத்தி, ஆய்வுக்கூடத்திலேயே செய்யத் தொடங்கினர். சிறுநீரகம் பழுதாகிக் குருதிச் சோகையால் வாடிய நோயாளிகளுக்கு இது பெரும் வரம்; இன்றும் அவ்வாறே பயன்படுகிறது. குற்றம் மருந்தில் இல்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஊசி ஒன்று போட்டால் சிவப்பணு கூடும். பிறர் குருதி வேண்டாம். விளையாட்டில் இதைத் தடை செய்து 1990-இலேயே அறிவித்தார்கள். ஆனால் கண்டுபிடிக்க வழியில்லை. உடலில் இயற்கையாகவே உள்ள பொருளல்லவா? தடை இருந்தது, வலை இல்லை. பத்தாண்டுகள் இந்நிலை நீடித்தது.

1997-இல் பன்னாட்டுச் சைக்கிள் சங்கம் ஒரு குறுக்குவழி கண்டது. குருதியை மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். அவை மொத்தக் கன அளவில் எத்தனை விழுக்காடு என்று அளக்கலாம். ஆண்களுக்கு 50-க்கு மேல் இருந்தால் 15 நாள் பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி செய்தனர். சிவப்பணு கூடக் கூடக் குருதியின் பாகுநிலை கூடும். தேன்போலத் தடித்த குருதியைத் தள்ள இதயம் திணறும். குருதி உறையும் இடரும் உண்டு. எனவே இதை உடல்நலப் பாதுகாப்பு விதி என்றே சொன்னார்கள்.

விளைவு என்ன தெரியுமா? எல்லைக்கோடு இலக்காக மாறிவிட்டது! இயற்கையில் 42 உள்ளவர் மருந்தின் துணையால் 49 வரை அச்சமின்றி ஏறினார். சிறிய சுழற்றுக் கருவிகளை விடுதி அறைக்கே எடுத்துச் சென்று அளந்துகொண்டனர். எல்லை மீறினால் உப்புநீரைச் சிரை வழியே ஏற்றிக் குருதியை நீர்க்கச் செய்தனர். பிறவியிலேயே 49 உள்ளவருக்கு ஏறுவதற்கு இடமில்லை. மருந்தைத் தொடாதவருக்கோ வெல்லவே வழியில்லை. அந்த ஆண்டுகளில் நேர்மையாக மிதித்துப் பின்தங்கி, பெயர் தெரியாமலேயே ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கு எந்தச் சோதனையும் நீதி வழங்கவில்லை. 1999-இல் இத்தாலியின் மார்க்கோ பன்டானி தம் நாட்டுப் பந்தயத்தில் வெற்றியை நெருங்கியிருந்த வேளையில், அளவு 52 என்று காட்ட, வெளியேற்றப்பட்டார். சரிவிலிருந்து அவர் மீளவே இல்லை. 2004-இல் 34 வயதில் இறந்தார்.

பெரிய உண்மைகளை வெளிக்கொணர்ந்தது ஆய்வுக்கூடம் அன்று. 1998 சூலையில் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஓட்டி வந்த காரைப் பிரான்சு எல்லையில் சுங்கத்தார் நிறுத்தினர். உள்ளே நூற்றுக்கணக்கான மருந்துக் குப்பிகள். அந்த அதிர்ச்சியின் விளைவாகவே 1999-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தோன்றியது.

மின்புலமும் ஐசோடோப்பும்

இந்த வரலாற்றில் இயற்பியலுக்கும் பங்குண்டு. 2000-ஆம் ஆண்டில் பிரான்சு அறிவியலார் பிரான்சுவா லாஸ்ன் அம்மையாரும் ழாக் தெ சோரீசும் ஈ.பி.ஓ.வைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். எலிச்செல்லில் செய்த ஈ.பி.ஓ.வும் மனித உடல் செய்யும் ஈ.பி.ஓ.வும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அவற்றில் ஒட்டியுள்ள சர்க்கரைத் தொடர்கள் சற்றே வேறுபடுகின்றன. அதனால் மின்னூட்டமும் வேறுபடுகிறது. அமிலத்தன்மை படிப்படியாக மாறும் ஒரு கூழ்ப்படலத்தில் அவற்றை இட்டு மின்புலம் செலுத்தினால், ஒவ்வொரு மூலக்கூறும் தன் நிகர மின்னூட்டம் சுழியாகும் இடம்வரை நகர்ந்து நின்றுவிடும். உடலின் ஈ.பி.ஓ. நிற்கும் இடம் வேறு, ஊசியின் ஈ.பி.ஓ. நிற்கும் இடம் வேறு. எவ்வளவு எளிய தத்துவம் பாருங்கள்!

மற்றொன்று ஐசோடோப்புச் சோதனை. டெஸ்டோஸ்டீரான் நம் உடலிலும் உண்டு; சோயா போன்ற தாவரப் பொருளிலிருந்து தொழிற்சாலையிலும் செய்யலாம். கார்பன் அணுக்களுள் நூற்றில் ஏறத்தாழ ஒன்று, நிறை 13 உள்ள வகை. அத்தாவரங்களில் இவ்வகையின் பங்கு சற்றுக் குறைவு. நிறை நிறமாலைமானி அந்தச் சிறு குறைவையும் காட்டிக் கொடுத்துவிடும். 2006 டூர் பந்தயத்தில் முதலாவதாக வந்த அமெரிக்கர் ஃபிளாய்டு லேண்டிஸ் பட்டத்தை இழந்ததற்கு இச்சோதனையும் ஒரு காரணம்.

வலையின் கண் சிறுத்தது. மீனும் சிறுத்தது! ஈ.பி.ஓ.வை இரவில் சிறு சிறு அளவாக ஏற்றினால் விடிவதற்குள் தடயம் மங்கிவிடும். தம் குருதியையே எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றினால் எந்த மருந்தும் அகப்படாது. 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், “எத்தனையோ சோதனைகளில் தேறியவன் நான்” என்ற வாதத்தையே கேடயமாக வைத்திருந்தார். 2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அவர்மீது தீர்ப்பளித்தபோது அதன் முதுகெலும்பாக நின்றது 26 பேரின் சாட்சியம்; அவர்களுள் 11 பேர் அவருடைய அணித் தோழர்கள். ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013-இல் அவரே ஒப்புக்கொண்டார். ‘சோதனையில் அகப்படவில்லை’ என்பதும் ‘தவறு செய்யவில்லை’ என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதற்குள் 2008-இல் ஒரு புதிய சிந்தனை செயலுக்கு வந்திருந்தது. எல்லாருக்கும் ஒரே எல்லை வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு வீரரையும் அவரோடே ஒப்பிட்டால் என்ன? இதற்கு உயிரியல் கடவுச்சீட்டு என்று பெயர். ஈமோகுளோபின் அளவையும் இளஞ்சிவப்பணுக்களின் விழுக்காட்டையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வருகிறார்கள். ஈ.பி.ஓ. போட்டால் இளம் அணுக்கள் திடீரெனக் கூடும். குருதி ஏற்றினால் உடல் ‘போதும்’ என்று உற்பத்தியைக் குறைக்க, அவை குறையும். இங்கே தேடுவது மருந்தையன்று; மருந்து விட்டுச் சென்ற காலடியை.

நம் நாட்டில்

இதெல்லாம் ஐரோப்பாவின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். சைக்கிள் பந்தயம் நம் நாட்டில் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் தடகளத்திலும் பளுதூக்குதலிலும் இதே வலையும் இதே மீனும் இங்கும் உண்டு. 2023-ஆம் ஆண்டில் இந்தியா சோதித்த மாதிரிகள் 5,606. அவற்றுள் தடைப்பொருள் தென்பட்டவை 213, அதாவது 3.8 விழுக்காடு. பெரிய அளவில் சோதனை நடத்தும் நாடுகளுள் இதுவே மிக உயர்ந்த விகிதம். மீன் கூடியதா, வலை நுணுகியதா என்று நீங்கள் கேட்கலாம். இந்த எண் ஒன்றைக் கொண்டு அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆயினும் 213 என்பது சிறிய எண் அன்று.

தமிழகத்துக்கும் ஒரு வலி உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார், தமிழகமே மகிழ்ந்தது. நாண்ட்ரோலோனின் சிதைபொருள் அவர் மாதிரியில் இருந்ததாகக் கண்டு நான்கு ஆண்டு தடை விதித்தனர், பதக்கமும் போயிற்று. அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றே அவர் கூறினார். ஆனால் விதி கடுமையானது: தன் உடலில் உள்ள பொருளுக்கு வீரரே பொறுப்பு, அது எப்படி வந்தது என்று காட்டும் சுமையும் அவருடையதே. 2010 டூர் பந்தயத்தில் ஸ்பெயினின் அல்பெர்டோ கொன்டடோரிடம் கண்ட கிளென்புட்டரால் ஒரு மில்லிலிட்டரில் 50 பிக்கோகிராம். ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் இலட்சம் பங்காக்கினால் வருவது ஒரு பிக்கோகிராம்! உண்ட இறைச்சியிலிருந்து வந்தது என்றார் அவர். கலப்படமான சத்துப்பொருளிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்றது நடுவர் மன்றம். பட்டம் நிலைக்கவில்லை.

வலை தவறுவதும் உண்டு. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 1500 மீட்டரில் தங்கமும் 5000 மீட்டரில் வெண்கலமும் வென்ற சுனிதா ராணி நாண்ட்ரோலோன் உட்கொண்டதாகச் சொல்லிப் பதக்கங்களைப் பறித்தனர். ஆய்வுக்கூடக் கணக்குகளில் குளறுபடி இருந்தது பின்னர் தெரியவந்தது. 2003-இல் பதக்கங்களைத் திருப்பித் தந்தார்கள். தில்லியில் உள்ள நம் தேசிய ஆய்வுக்கூடம் 2008-இல் உலக முகமையின் ஏற்பைப் பெற்றது. தரம் போதாது என்று 2019 ஆகஸ்டில் அந்த ஏற்பு நிறுத்தி வைக்கப்பட்டு, 2021 திசம்பரில்தான் மீண்டும் கிடைத்தது. 2022-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. உரைகல்லையும் அவ்வப்போது உரைத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஆய்வுக்கூடத்தில் நிற்கும் எவரும் மறக்கக் கூடாது.

மறுபடியும் அந்த டப்பா

இவ்வளவும் சொல்லி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடைசி நாளில் மாணவரிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் ஓடுகிற, மிதிக்கிற பிள்ளைகள் இருக்கலாம் என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன். தடைப்பொருள் பட்டியல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அதைப் பார்க்காமல் எந்தப் பொடியையும் மாத்திரையையும் தொடக் கூடாது. டப்பாவின் மேல் அச்சிடாத பொருளும் உள்ளே இருக்கலாம். நோய்க்கு மருந்து வேண்டியிருந்தால் தாம் போட்டியாளர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். முறையாக விண்ணப்பித்து விலக்குப் பெற வழியிருக்கிறது.

நான்காவதாக ஒன்றையும் சொன்னேன். மூச்சு வாங்காமல் செய்வதாகவும் சோதனையில் மாட்டாது என்றும் ஒருவர் சொன்னால், அவர் உன் கயிற்றைப் பிடித்திருப்பவர் அல்லர் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய தாத்தா முத்துக்குளித்தவராம்.

டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணத்தைத் திருப்பித் தரவில்லையாம். சென்ற ஞாயிறு காலை குலசேகரன்பட்டினத்தைத் தாண்டி அவரைப் பார்த்தேன். கச்சான் முகத்தில் அறைய, குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். நன்றாக மூச்சு வாங்கியது.